பைனாகுலரில் போனை வைத்துப் பறவை பார்ப்பது பற்றி ஓர் ஆசிரியருக்கு

மரக்காணம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சுற்றுச்சூழல் மன்றத்தைக் கவனிக்கும் ஆசிரியர் நீங்கள். மன்றத்தில் இருப்பது ஒரே ஒரு 8×40 பைனாகுலர். கழுவேலி ஏரிக் கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், வரிசையில் கடைசியாக நிற்கும் பிள்ளைக்கு முறை வருவதற்குள் பறவை பறந்துவிடுகிறது. போன் கேமராவை பைனாகுலரில் வைத்துத் திரையில் எல்லாருக்கும் காட்ட முடியுமா, படம் எடுக்க முடியுமா, அதற்காக 10×50 ஒன்று வாங்கலாமா, போனை பைனாகுலரோடு பிணைக்கும் அடாப்டர் கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். 10×50 வேண்டாம், இருக்கிற பைனாகுலரே போதும். கையிலிருக்கும் காசை ட்ரைபாடில், அதாவது முக்காலித் தாங்கியில், போடுங்கள். அடாப்டர் இருந்தால் வசதி, கட்டாயமில்லை. காரணங்களை விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் ஏரிக்கரையில் திரை கறுத்துப்போகும்போது எதைத் திருப்புவது, எதை நகர்த்துவது என்று கைக்குப் புரியும்.

முதலில், என்ன கிடைக்கும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். போனின் முதன்மைக் கேமரா, பிலிம் கேமராக் கணக்கில் சுமார் 26 மி.மீ லென்ஸுக்குச் சமம்; இந்த எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். எட்டு மடங்கு பைனாகுலருக்குப் பின்னால் அதை வைத்தால் 26ஐ 8ஆல் பெருக்க வேண்டும்: 208 மி.மீ. திரையில் இன்னும் 2 மடங்கு பெரிதாக்கினால் 416. இந்த நிலையில் 50 மீட்டர் தள்ளி இருக்கும் காட்சியில் நாலே கால் மீட்டர் அகலம்தான் படத்துக்குள் அடங்கும். அங்கே நீந்தும் கூழைக்கடா படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். அலகின் மேல் வரிசையாக இருக்கும் புள்ளிகள்கூடத் தெரியும். ஆனால் 16, 17 செ.மீ நீளமே உள்ள சிறு நீல மீன்கொத்தி 20 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருந்தால் படத்தில் பத்தில் ஒரு பங்குதான். இன்ன பறவை என்று ஐயமில்லாமல் சொல்லலாம், இறகு இறகாக எண்ண முடியாது. பத்திரிகை அட்டைக்கான படம் வேண்டுமென்றால் இது வழியல்ல. அதற்கு 2000 மி.மீ வரை எட்டும் நிக்கான் பி950 போன்ற கேமராக்கள் இருக்கின்றன. எந்தப் பறவையை, எங்கே, என்ன செய்துகொண்டிருக்கும்போது பார்த்தோம் என்பதற்கு ஒரு சான்று, அதையும் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பார்க்கும்படி வேண்டும் என்றால், இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இது போன் வந்த பிறகு வந்த உத்தியும் அல்ல. 1999இல் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ, அன்றைய சிறிய டிஜிட்டல் கேமரா ஒன்றைப் பறவை பார்க்கும் தொலைநோக்கியின் பின்னால் வைத்துப் படமெடுத்துக் காட்டினார். உலகெங்கும் அந்தப் பழக்கம் பரவ அவர் ஒரு முக்கியக் காரணம். கேமராவின் இடத்தில் இன்று போன் இருக்கிறது, அவ்வளவுதான். கேமராவையே உள்ளே வைத்து, பறவையின் பெயரையும் சொல்லும் பைனாகுலரை 2024இல் ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் கொண்டுவந்துவிட்டது. விலை லட்சங்களில் இருப்பதால் நமக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

இனி உள்ளே நடப்பது. அறிவியல் பாடத்தில் பொருளருகு லென்ஸ், கண்ணருகு லென்ஸ் என்று நடத்துகிறோமே, அதேதான். 8×40 என்பதில் 8 உருப்பெருக்கம், 40 பொருளருகு லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். நாற்பதை எட்டால் வகுத்தால் 5. பைனாகுலரை வெளிச்சமான வானத்தை நோக்கிக் கை நீட்டிப் பிடித்து, கண்ணருகு லென்ஸைச் சற்றுத் தள்ளியிருந்து பாருங்கள். நடுவில் வெள்ளையாகச் சின்ன வட்டம் தெரியும். அதன் விட்டம்தான் இந்த 5 மி.மீ. பைனாகுலர் வாங்கும் ஒளி முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வெளியே வருகிறது, அதுவும் கண்ணாடிக்குச் சற்று வெளியே அந்தரத்தில். போனின் லென்ஸை அந்த வட்டம் இருக்கும் இடத்திலேயே நிறுத்துவதுதான் மொத்த வேலையும். பக்கவாட்டில் விலகினால் பிறை வடிவில் கறுப்பு விழும். முன்னே பின்னே போனால் சுற்றிலும் இருள் சூழும்.

இதை வகுப்பில் பிள்ளைகளை வைத்தே அளக்கலாம். மெழுகுத் தாளை அந்த இடத்தில் பிடித்தால் வட்டம் தாளில் விழும், அளவுகோலால் அளந்துகொள்ளலாம்.

10×50 ஏன் வேண்டாம் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. போன் லென்ஸின் துளை பொதுவாக 3 முதல் 4 மி.மீ. 3.5 என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ ஒளி வட்டத்தில் 3.5 மி.மீ அளவுக்குத்தான் போன் வாங்குகிறது. அதை எட்டால் பெருக்கினால் 28. அதாவது உங்கள் 40 மி.மீ லென்ஸில் நடுவிலுள்ள 28 மி.மீ மட்டுமே படத்துக்கு வேலை செய்கிறது, மற்றது சும்மா இருக்கிறது. 50 மி.மீ வாங்கினாலும் இதே கதை: பத்து மடங்கில் 35 மி.மீ பயன்படும், மீதி சும்மா சுமைதான். அதோடு பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் பிடித்துப் பார்ப்பதற்கு எட்டு மடங்குதான் சரி.

இதே கணக்கு இன்னொன்றையும் விளக்கும். “போனிலேயே 10 மடங்கு ஜூம் இருக்கிறதே, பைனாகுலர் எதற்கு?” என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸ் தனியாக இல்லாத சாதாரண போனில் அந்தப் பத்து மடங்கு, 3.5 மி.மீ துளை வழியாக வந்த அதே சிறிய உருவத்தை இழுத்துப் பெரிதாக்குவது மட்டுமே. புதிய விவரம் எதுவும் உள்ளே வருவதில்லை. விட்டுப்போன இடத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. பறவையின் கண் வளையத்தையும் அலகின் நிறத்தையும் பார்த்து இனம் பிரிக்க வேண்டியவர்களுக்கு இந்த ஊகம் ஆபத்து. பைனாகுலர் வைத்தால் 28 மி.மீ அகலத் துளை வழியாக ஒளி வருகிறது, பரப்பில் 64 மடங்கு. உருவமும் அதே அளவு பெரிதாவதால் திரையின் வெளிச்சம் கூடாது. கூடுவது விவரம்.

சரி, கையில் எடுப்போம்.

போனின் கெட்டியான உறையைக் கழற்றுங்கள். பின்பக்கம் மூன்று நான்கு லென்ஸ் இருந்தால் எது முதன்மை லென்ஸ் என்று கண்டுபிடியுங்கள். கேமராவை 1 மடங்கில் திறந்துவைத்து ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூடினால், எதை மூடும்போது திரை இருள்கிறதோ அதுதான். இதைச் செய்யாமல் போகிறவர்கள்தான் ஏரிக்கரையில் கறுத்த திரையோடு மல்லுக்கட்டுகிறார்கள். அடுத்து மேக்ரோ, அதாவது கிட்டத்துப் பொருளைப் படமெடுக்கும் வசதி. பைனாகுலரின் கண்ணாடி மிக அருகில் வந்ததும், ஏதோ பூவைப் படமெடுக்கப் போகிறார் என்று நினைத்து, பல போன்கள் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும். அந்த லென்ஸ் பைனாகுலருக்கு எதிரே இருக்காது, படம் மறைந்துவிடும். அமைப்புகளுக்குள் போய் தானியங்கி மேக்ரோவை அணைத்துவிடுங்கள். 3 மடங்கு, 5 மடங்கு டெலி லென்ஸ் உள்ள போனிலும் இதே சிக்கல்: பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் லென்ஸ் மாறி இருட்டடிக்கும். மாறும் இடத்துக்கு முன்பே நின்றுகொள்ளுங்கள்.

பைனாகுலரில் கண் வைக்கும் ரப்பர் வளையம், திருகும் வகையாக இருந்தால் உள்ளே இறக்குங்கள், மடிக்கும் வகையாக இருந்தால் மடித்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் எப்படி வைப்பார்களோ அப்படி. அப்போதும் ஓரம் இருண்டால் வளையத்தைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் வட்டம் முழுதாகத் திறக்கும். அந்த இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள்.

வட்டம் திறந்தாலும் நான்கு மூலையிலும் கறுப்பு இருக்கத்தான் செய்யும். பைனாகுலர் கண்ணுக்குக் காட்டும் வட்டம் சுமார் 60 பாகை, போன் பார்ப்பதோ மூலைக்கு மூலை 80 பாகை. 1.5 முதல் 2 மடங்கு பெரிதாக்கினால் கறுப்பு வெளியே போய்விடும். அதற்கு மேல் ஜூம் வேண்டாம்.

குவியத்தை முதலில் உங்கள் கண்ணால் சரிசெய்யுங்கள். கண்ணாடி அணிகிறவர் கண்ணாடியோடேயே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் பார்வைக் குறைக்கு ஏற்பப் பைனாகுலர் நிற்கும், போனுக்கு மங்கும். பிறகு போனை வைத்து, திரையில் பறவையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். கொக்கு, கூழைக்கடா, கரண்டிவாயன் போன்ற வெள்ளைப் பறவைகள் இருண்ட நீரின் பின்னணியில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளிறிவிடும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். திரையில் சற்று இருட்டாகத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. இருண்ட படத்தைப் பின்னால் தேற்றலாம், வெளிறியதில் எடுப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

இப்போது பிடிமானம். நான் அடாப்டரைவிட ட்ரைபாடைப் பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பைனாகுலர் ஆடாமல் நின்றால், போனை வெறும் கையால் ஒட்டிப் பிடித்துக்கூட நல்ல படம் எடுத்துவிடலாம். பைனாகுலர் ஆடினால் எவ்வளவு விலையுள்ள அடாப்டரும் ஒன்றும் செய்யாது. பெரும்பாலான பைனாகுலர்களில் இரண்டு குழாய்களையும் இணைக்கும் கீலின் முன்முனையில் ஒரு மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தால் கால் அங்குல மரை தெரியும். ‘எல்’ வடிவத் தாங்கி ஒன்றை அதில் மாட்டி ட்ரைபாடில் நிறுத்தலாம். உங்களுடையதில் மரை இல்லையென்றால், ட்ரைபாட் தலையில் ஒரு பலகைத் துண்டை வைத்துப் பைனாகுலரை அகலமான வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். ட்ரைபாடே இல்லாத நாளில் மதகுச் சுவரின் மேல் மணல் நிரப்பிய துணிப்பை போதும். பின்லாந்தில் பறவை பார்ப்பவர்கள் பைனாகுலரின் அடியில் ஒரு கழியை மாட்டி, அதன் கீழ்முனையை இடுப்பருகே பிடித்துக்கொள்வார்கள். கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டாம், ஆட்டமும் பாதியாகும். நம் ஊரில் அதற்கு ஒரு மூங்கில் கழி போதும்.

அடாப்டர் வாங்குவதானால், கண்ணருகு லென்ஸின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தக்கூடியதாக வாங்குங்கள். ஒரே நிலையில் நிற்பது ஒரு போனுக்குப் பொருந்தும், அடுத்த போனுக்குப் பொருந்தாது. பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு வழி: போனின் பழைய பிளாஸ்டிக் உறை ஒன்று, கண்ணருகு லென்ஸின் மேல் இறுக்கமில்லாமல் உட்காரும் பி.வி.சி குழாய்த் துண்டு ஒன்று. லென்ஸுக்கு நேராக மையம் பார்த்து, துண்டை உறையில் எம்-சீல் வைத்து ஒட்டுங்கள். துண்டின் உள்பக்கம் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றினால் வழுக்காது. மையம் பார்ப்பதில்தான் வேலை இருக்கிறது. ஒட்டு காய்வதற்கு முன்பே பைனாகுலரில் பொருத்தி, கேமராவைத் திறந்து, வட்டம் திரையின் நடுவில் வரும்வரை நகர்த்திவிடுங்கள். குழாயின் விளிம்பு கண்ணாடியில் படவே கூடாது.

படமெடுக்கும் பொத்தானை விரலால் தொட்டால் அந்தத் தொடுதலே படத்தைக் கலைக்கும். மூன்று விநாடி டைமர் வையுங்கள், அல்லது வயர் உள்ள இயர்போனை மாட்டி அதன் ஒலிப் பொத்தானை அழுத்துங்கள். பல போன்களில் அது படம் எடுக்கும். அசையும் பறவைக்கு நான் எப்போதும் சொல்வது வீடியோ. 4கே வீடியோவின் ஒவ்வொரு பிரேமும் சுமார் 8 மெகாபிக்சல் படம். அரை நிமிட வீடியோவில் பறவை தலையைத் திருப்பி அலகைப் பக்கவாட்டில் காட்டும் ஒரு கணம் கட்டாயம் இருக்கும், அதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். அது எப்படி இரை தேடியது என்பதும் கூடவே பதிவாகிவிடும்.

மன்றத்துப் பிள்ளைகளுக்குக் காட்டும் முறையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ட்ரைபாடில் பைனாகுலர், போன் இடது குழாயில். பெரும்பாலான போன்களில் கேமரா ஓரமாக ஒரு மூலையில் இருப்பதால், போனை நிமிர்த்தி வைத்தால் அதன் உடல் இடப்பக்கமாக விலகி நிற்கும், வலது குழாய் திறந்தே இருக்கும். ஒரு பிள்ளையை வலது குழாயில் இடது கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், முகம் போனில் இடிக்காது. மற்றவர்கள் திரையைப் பார்க்கட்டும். கண்ணால் பார்க்கிற பிள்ளை, தான் காண்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: காலின் நிறம், அலகின் வளைவு, வாலை ஆட்டுகிறதா இல்லையா. திரையில் பார்ப்பவர்கள் சரிபார்க்க வேண்டும். பிறகு ஆள் மாற்றம். வெயிலில் திரை தெரியாது, ஒரு கறுப்புக் குடை கொண்டுபோங்கள். ஒரு கண்ணைச் சுருக்கிக் குழாய்க்குள் பார்க்கத் தடுமாறும் சின்னப் பிள்ளைகள், கழுத்தைத் தூக்க முடியாத பிள்ளைகள், பார்வை குறைந்தவர்கள் எல்லாருக்கும் அந்தத் திரை ஒரு வாசல். இதற்காகவே இந்த ஏற்பாட்டைச் செய்யலாம் என்பேன்.

ஆனால் வந்து இறங்கியதும் போனை மாட்டாதீர்கள். முதல் கால்மணி நேரம் வெறுங்கண்ணும் பைனாகுலரும் மட்டும். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது கிடைக்கிற ஆழமும் அகலமும் திரையில் வராது, பறவையைத் தேடிக் கண்டுபிடிக்கிற பழக்கமும் திரையால் வராது.

நேரம் மிக முக்கியம். மரக்காணத்து உப்பளங்களின் மேலும் ஏரியின் சேற்றுத் திட்டின் மேலும் வெயில் ஏறினால் காற்று அலையடிக்கத் தொடங்கிவிடும். கானலுக்கு ஊடாக எந்த லென்ஸும் தெளிவாகக் காட்டாது, உருப்பெருக்கம் கூடக்கூட மோசமாகும். விடிந்ததிலிருந்து எட்டரை, ஒன்பது மணி வரை, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கரையைத் தேர்ந்தெடுங்கள். பைனாகுலரைச் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கண் போய்விடும், போனின் சென்சாரும் போகலாம்.

எந்தப் பறவையில் தொடங்குவது? ஒரே இடத்தில் நிற்பவை, போன இடத்துக்கே திரும்பி வருபவை. மின்கம்பியில் பனங்காடை, பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கிளைக்குத் திரும்பும் பஞ்சுருட்டான், பனைப் பொந்தின் வாயில் பகலில் உட்காரும் புள்ளி ஆந்தை, வரப்பில் அசையாமல் நிற்கும் மடையான், நெடுங்கால் உள்ளான். தேன்சிட்டையும் பறக்கும் ஆலாவையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவத்தில் வேடந்தாங்கலுக்கு ஒருமுறை அழைத்துப் போக முடிந்தால், நீரில் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் வெள்ளை அரிவாள் மூக்கனும் பாம்புத்தாராவும் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். இந்த உத்திக்கு அதைவிடப் பொருத்தமான இடம் சொல்வது கடினம்.

மங்கலான படத்தாலும் என்ன பயன் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டு. தூரத்தில் ஒரு பூநாரைக் கூட்டம். பெரிய பூநாரையின் அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறிய பூநாரையின் அலகு முழுவதும் இருண்டிருக்கும். கூட்டத்தில் இரண்டும் கலந்திருக்கிறதா என்பதை நின்று நிதானமாக, படத்தைப் பெரிதாக்கி, தலை தலையாக எண்ணிப் பார்க்கலாம். இன்னொன்று கால் வளையமும் வண்ணக் கொடியும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. வலசை வரும் உள்ளான்களின் காலில் சில நேரம் சிறு வண்ணக் கொடி இருக்கும், அதில் எழுத்தும் இருக்கும். எந்த நிறம் மேலே, எந்த நிறம் கீழே என்று ஒரு படத்தில் பதிவானால், அந்தப் பறவைக்கு எங்கே கொடி கட்டினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க முடியும். அந்தப் படம் அழகாக இருக்க வேண்டியதில்லை.

எடுத்த படங்களை, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் அன்றைய பறவைப் பட்டியலோடு சேர்த்து ஏற்றுங்கள். பெயர் தெரியாவிட்டால், பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி உதவும், ஆனால் அது சொல்வதைப் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே பிள்ளைகள் எழுதட்டும். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஊர்க்குளத்திலிருந்தே அதில் பங்கெடுக்கலாம். விடுமுறை என்பதால் பிள்ளைகளுக்கும் தோது.

கழுவேலி 2021இலிருந்து பறவைகள் சரணாலயம், 2024இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. எனவே பிள்ளைகளை அழைத்துப் போகுமுன் வனத்துறையிடம் சொல்லி அனுமதி பெற்றுவிடுங்கள், படமெடுப்போம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். போன் கையில் இருந்தால் இன்னும் நாலடி கிட்டப் போகலாமே என்று கால் தானாக நகரும். பைனாகுலர் இருப்பதே கிட்டப் போகாமல் இருப்பதற்காக. கூட்டத்தில் ஒரு பறவை தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள், நாலைந்து நிமிர்ந்தால் பின்வாங்குங்கள். சைபீரியப் பக்கமிருந்து பறந்து வந்து இரை தின்று உடம்பு தேற்றிக்கொண்டிருக்கும் உள்ளானை நாம் ஒருமுறை கிளப்பிவிட்டால், அது சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கைப் பறித்துக்கொள்கிறோம். கோடையில் ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் வெறுந்தரையில் முட்டையிடும், அப்போது அந்தத் திட்டுகளின் பக்கமே பிள்ளைகளை விடாதீர்கள். கூடுகளைப் படமெடுக்க வேண்டாம், பிளாஷ் எப்போதும் வேண்டாம்.

மன்றத்துக்குப் பின்னாளில் இன்னொரு பைனாகுலர் வாங்க நேர்ந்தால் மறுபடியும் 8×40 அல்லது 8×42தான். இணையத்தில் 60×60 என்று போட்டு, கண்ணாடி செக்கச்செவேலென்று மின்னும்படி விற்பவற்றைத் தொடாதீர்கள். அந்த உருப்பெருக்கம் பொய், சிவப்புப் பூச்சு பறவையின் நிறத்தையே மாற்றிக் காட்டும்.

கடைசியாகப் பராமரிப்பு. உங்கள் ஊரில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. களத்திலிருந்து வந்ததும் ஊதுபந்தால் தூசியை ஊதிவிட்டு, பிறகுதான் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். தூசியோடு துடைத்தால் கீறல் விழும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்தால் எடுப்பது கடினம். தோல் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டாமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் வாங்கினால், ஈரம் குடித்து நிறம் மாறியதும் குருணையை மட்டும் இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறிய பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.